உத்தேச எடை

ஜூன் 5, திங்கள்

காலை பி.பி. 150/100. எனக்கு ஏறியது கொஞ்சம்தான். என்னைப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் அதிகமாக ஏறிக் கிடக்கிறது.

தினம் மூன்று வேளை பி.பி.யைக் குறித்து வைக்க வேண்டும் என்று பிரசவ டாக்டர் கலாவல்லி சொல்லிவிட்டார். இவருடைய கோழித் தீவனக் கம்பெனி கொடுத்த டைரி சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன். ஆனால் வெறும் எண்ணை மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்பது வருஷமாக ஸ்கேன் சென்டரில் எண்களை டைப் அடித்தே தேய்ந்துபோனவள் நான். வீட்டிலாவது நாலு வார்த்தை எழுதிக்கொள்கிறேன்.

ஏழு மணிக்கே நங்கையா வந்துவிட்டார். இவருடைய அக்கா ருக்மணி. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்: "முப்பத்தஞ்சு வயசுல இந்தப் பாடு தேவையா கண்ணு? காலப் பாரு, பூசணிக்காயாட்டம் வீங்கிக் கெடக்குது." பதினோரு வருஷமாக "இன்னும் ஒண்ணும் விசேசம் இல்லையா" என்று கேட்டதும் இதே வாய்தான். இரண்டு முறை கலைந்தபோது "ஒடம்பு சூடு" என்று சொன்னதும் இதே வாய்தான். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

சென்டரில் இன்று ஒரே சத்தம். குன்னத்தூர்க்காரர் ஒருவர் மருமகளின் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். "என்னுங்க இது? கொழந்த எடை ரெண்டு கிலோ நானூறுன்னு போட்டுட்டு, அதுக்குக் கீழயே கூட்டல் கழித்தல் முந்நூத்தி அறுபதுன்னு போட்டிருக்குதுங்க? தெரிஞ்சு சொல்றீங்ளா, குருட்டாம்போக்குல சொல்றீங்ளா?"

புதுப் பெண் நிர்மலா விழித்துக்கொண்டு நின்றாள். நான் ரிப்போர்ட்டை வாங்கி, கம்ப்யூட்டரில் அந்த ஒரு வரியை அழித்து, மறுபடி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். 2,400 கிராம். அவ்வளவுதான். மனுஷன் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மெஷின் தானாகவே அந்த வரியைப் போட்டுவிடும். தலை விட்டம், தலைச் சுற்று, வயிற்றுச் சுற்று, தொடை எலும்பு ஆகிய நாலு அளவையும் வைத்து அது ஒரு கணக்குப் போடுகிறது. குழந்தையைத் தராசிலா வைத்துப் பார்த்தது? அதனால் கூடக்குறைய இத்தனை கிராம் என்று அடியில் சொல்லிவிடும். ஜனங்களுக்கு அது பிடிக்காது. "ஒத்தை நம்பரா அடிச்சுக் குடு. கேள்வி வராது" என்று நிர்மலாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒன்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். ஸ்கேன் டாக்டர் உஷா மேடம் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அவர் கையெழுத்துப் போடுகிற வேகத்துக்கு, என் ரேஷன் கார்டை நீட்டினாலும் போட்டுவிடுவார்.

மாலை 152/100.

ஜூன் 7, புதன்

148/98. 152/100. 150/96. முருங்கைக்கீரை சூப் குடித்தேன். நங்கையா கொண்டுவந்தது. அதற்காக நன்றி சொல்லவில்லை, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 9, வெள்ளி

தலைவலி. கண்ணில் பூச்சி பறக்கிறது. மாவு புளித்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை.

இவர் மத்தியானம் சாப்பிட வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பண்ணைக்குப் போகவில்லை. இவர் கோழிக் கம்பெனியில் சூப்பர்வைசர். பல்லடத்தைச் சுற்றி பதினாறு ஷெட் இவர் பொறுப்பில். கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கினாலே எடை சொல்லிவிடுவேன் என்று கல்யாணமான புதிதில் பீற்றிக்கொள்வார். இன்றைக்கு என் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மாமா, எத்தன கிலோ?" என்றேன்.

"சும்மா இரு புள்ள" என்றார்.

ஜூன் 12, திங்கள்

இன்று நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம்.

திங்கட்கிழமை உஷா மேடம் வரமாட்டார். ஒரு இளம் டாக்டர் வருவார், வாயே திறக்கமாட்டார். என்னைப் படுக்க வைத்து இருபது நிமிஷம் அழுத்து அழுத்தென்று அழுத்தினார். குழந்தை சுருண்டு கிடக்கிறதாம், தண்ணீர் குறைவாம், வயிற்றுச் சுற்றளவு சரியாகக் கிடைக்கவில்லையாம். மூன்று தடவை அளந்தார். மூன்றும் மூன்று விதமாக வந்ததை ஸ்கிரீனில் நானே பார்த்தேன். ஒன்பது வருஷமாகப் பார்க்கிற ஸ்கிரீன், எனக்குத் தெரியாதா?

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். நிர்மலா ரிப்போர்ட்டை நீட்டினாள், அழுதுவிடுவாள் போல முகம்.

இருபத்தேழு வாரம் மூன்று நாள். தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் மோசம். கருவின் உத்தேச எடை: 740 கிராம்.

அதன் கீழே ஒன்றும் இல்லை. வெள்ளைக் காகிதம். நான் தேடினேன். காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி.

நல்லாத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள் நிர்மலா.

பி.பி. 170/110. நேராக நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டார்கள். சொட்டு மருந்து ஏறுகிறது. இடது கைதான் கட்டுப்பட்டிருக்கிறது, அதனால் எழுத முடிகிறது. குண்டடத்துப் பெண் படுத்திருந்ததும் இதே வார்டுதான் என்று ஆயாம்மா பேச்சுவாக்கில் சொன்னார். அதைப் பற்றி இப்போது எழுதப்போவதில்லை.

ஜூன் 13, செவ்வாய்

பெரிய நாள். ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு டாக்டர் கலாவல்லி இவரையும் நங்கையாவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் படுத்திருக்க வேண்டியவளாம். சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு நானே போனேன். அதன் சக்கரம் கிறீச்சிட்டதால் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் நல்லவர்தான். அதை எழுதிவிட வேண்டும். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்: "வசுமதி, உன் பி.பி. இப்படியே போனா ஃபிட்ஸ் வரும். பிரசவத்தத் தள்ளிப் போட முடியாது. குழந்தை எழுநூத்தி நாப்பது கிராம். எண்ணூறுக்குக் கீழே இங்க பாக்குற வசதி எங்களுக்கு இல்ல. அத நம்பி உன் வயித்தக் கிழிக்கறதுல அர்த்தமில்லை. வலி வர வெச்சு எடுத்துறலாம். உன்னக் காப்பாத்தணும், அதுதான் எனக்கு முக்கியம்."

"எடுத்துட்டு?" என்றேன்.

அவர் இவரைப் பார்த்தார். மேஜையில் ஒரு தாள் இருந்தது. குழந்தையைப் பிழைக்க வைக்க முயற்சி வேண்டாம் என்று குடும்பம் சம்மதிக்கிற தாள். இவர் கையில் பேனா.

நங்கையா அழுதுகொண்டே சொன்னார்: "கண்ணு, நீ இருந்தாப் போதும். எழுநூறு கிராமெல்லாம் ஒரு கொழந்தையா சாமி? அரைப்படி அரிசி கூட இல்ல."

எனக்கு வந்ததே கோபம். "நங்கையா, அரிசிக்கு இதயம் துடிக்காதுங்க. இதுக்குத் துடிக்குது. நானே கேட்டேன்" என்றேன். அப்புறம் இவர் பக்கம் திரும்பினேன். இவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"மாமா, ஒரு ஷெட்டுல அஞ்சாயிரம் கோழி. நீங்க எத்தனையப் புடிச்சு எடை போடுவீங்க?"

"அம்பது."

"அத வெச்சு மொத்த எடையச் சொல்லுவீங்க. லாரியில ஏத்துறப்ப அதே எடை வருமா?"

"எங்க வருது? ஒரு நாளைக்கு எச்சா வரும், ஒரு நாளைக்குக் கம்மியா வரும். தராசுல வெச்சாத்தான் நெசம்."

"அப்ப தராசுல வெக்கறதுக்கு முன்னாடியே எம்புள்ளைக்கு எதுக்குங்க கையெழுத்துப் போடறீங்க?"

இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூடி போட்டுத்தான் வைத்தார். அந்த மனுஷனை அப்போது கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பத்துப் பதினஞ்சு சதவீதம் முன்னப்பின்ன வரும்னு எனக்குத் தெரியாதாம்மா? இருபத்தஞ்சு வருஷமாப் பாக்குறேன். ஆனா எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தான ஆகணும்?"

"உங்களுக்குத் தெரியும் டாக்டர். இவருக்குத் தெரியுமா? கையெழுத்துப் போடறவருக்குத் தெரியுமா? ரிப்போர்ட்டுல அந்த வரி இருந்துச்சா?"

"எந்த வரி?"

அப்போது சொன்னேன். மூன்று பேர் முன்னாலும் சொன்னேன். ஒன்பது வருஷமாக அந்த வரியை அழிக்கிறவளே நான்தான் என்று. கேள்வி கேட்கிறார்கள் என்று அழித்தேன். கூட்டம் நிற்கிறது என்று அழித்தேன். "எழுநூத்தி நாப்பதுன்னா அறநூத்தி முப்பதுலருந்து எண்ணூத்தி அம்பது வரைக்கும் எதுவாவும் இருக்கலாம் டாக்டர். எண்ணூத்தி அம்பது உங்க கோட்டுக்கு மேலதான? அத எங்கிட்ட யாரும் சொல்ல வேண்டாம், நான்தான் எல்லாத்துகிட்டயும் மறைச்சேன்."

டாக்டர் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாக, "குண்டடம் சாரதாமணி?" என்றார்.

நான் தலையாட்டினேன். நங்கையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவருக்குப் புரிந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் சாப்பிடாமல் படுத்தது இவருக்கு ஞாபகம் இருக்கும்.

மறு ஸ்கேன் வேண்டும் என்று நின்றேன். உஷா மேடத்துக்கு நானே போன் போட்டேன். பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸில் கூட்டிப் போனார்கள். மேடம் பொறுமையாக, என்னை இடது பக்கம் சாய்த்து, குழந்தை கொஞ்சம் புரண்டு கொடுக்கும்வரை காத்திருந்து அளந்தார். 820.

"பாத்தீங்களா!" என்று படுத்தபடியே கத்திவிட்டேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் பயந்துபோயிருப்பார்கள்.

ரிப்போர்ட் அடிக்கும்போது நிர்மலாவின் பக்கத்தில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொன்னேன். "அந்த வரிய அழிக்காத. இதுல மட்டுமில்ல. இனிமே எதுலயும் அழிக்காத."

"கவுண்டர்ல சண்டைக்கு வருவாங்களே அக்கா?"

"வரட்டும். உக்கார வெச்சுப் புரியறாப்பல சொல்லு. உனக்குச் சம்பளம் அதுக்குந்தான்."

உஷா மேடம் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முதல் தடவையாக ஒரு ரிப்போர்ட்டை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இவ்வளவு எழுதியதற்கு நர்ஸ் திட்டுகிறாள். 164/106.

ஜூன் 14, புதன்

820ஐக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் கலாவல்லியிடம் ஜெயித்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "உன் கணக்குப்படி எழுநூத்தி நாப்பது உத்தேசம்னா, எண்ணூத்தி இருபதும் உத்தேசந்தானம்மா?"

மாட்டிக்கொண்டேன். அரை நிமிஷம் வாயடைத்துப் போனேன். எனக்கு அதுவே அதிகம்.

"ஆமாங்க டாக்டர்" என்றேன். "ரெண்டும் உத்தேசந்தான். அதனாலதான் சொல்றேன், ரெண்டையும் தூக்கி அந்தப் பக்கம் வைங்க. உங்ககிட்ட வசதி இல்லைன்னா வசதி இருக்கற எடத்துக்கு அனுப்புங்க. போறதுக்கு முன்னாடி நுரையீரல் ஊசியப் போட்டு அனுப்புங்க. புள்ள எவ்வளவு எடையோ அவ்வளவு எடையிலயே பொறக்கட்டும்."

"வழியில உனக்கு ஃபிட்ஸ் வந்தா?"

"வராதுன்னு சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாதுங்க. ஆனா போறேன்."

அவர் எழுதினார். குழந்தையின் நுரையீரல் விரிவதற்கான முதல் ஊசியை அவரே போட்டார். ஃபிட்ஸ் வராமலிருக்க இடுப்பில் இரண்டு பக்கமும் ஊசி. அம்மாடி, அந்த வலி எதிரிக்கும் வேண்டாம். ஆம்புலன்ஸ் கதவை மூடும்போது டாக்டர் என் காலைத் தொட்டு, "பிடிவாதக்காரி" என்றார். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

கோயமுத்தூர். பெரிய ஆஸ்பத்திரி. படுக்கை எண் 11.

ஜூன் 15, வியாழன்

இங்கே மறுபடி ஸ்கேன். 790.

மூன்று பேர், மூன்று ஸ்கேன், மூன்று எடை. ஒரே குழந்தை.

குழந்தை டாக்டர் பெயர் இம்தியாஸ். தலையில் பாதி நரை, தூங்கி ஒரு வாரம் ஆனது போல் கண். படுக்கை ஓரமாக உட்கார்ந்து பேசினார். நின்றுகொண்டே பேசாத டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன். "இங்க எழுநூத்தம்பதுக்கு மேல இருந்தா முழு முயற்சி எடுப்போம். எழுநூத்தித் தொண்ணூறுன்னா பார்டர்தான். ரெண்டாவது ஊசி வேலை செய்ய ஒரு நாள் வேணும். அதுவரைக்கும் உங்க பி.பி. ஒத்துழைக்கணும்."

"அதுகிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன். சிரித்தார்.

"பொழைக்குமுங்களா டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"சொல்ல முடியாதுங்க. பாதிக்குப் பாதின்னு வெச்சுக்குங்க. அதுலயும் முன்னப்பின்ன."

அந்த முன்னப்பின்னவைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. நேற்றெல்லாம் வராத அழுகை.

ஜூன் 16, வெள்ளி

இரண்டாவது ஊசி போட்டாயிற்று. 160/104. பக்கத்துப் படுக்கைப் பெண் வாரப் பத்திரிகையில் ராசிபலன் படித்துக் காட்டினாள். எனக்கு வீண் வாக்குவாதத்தைத் தவிர்க்க வேண்டுமாம்.

ஜூன் 17, சனி

காலை 180/116. பத்தரைக்குத் தியேட்டர். போகிறேன். இந்த டைரியை இவர் கையில் கொடுத்திருக்கிறேன், படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், படிப்பார்.

ஜூன் 20, செவ்வாய்

பெண்.

690 கிராம்.

ஜூன் 21, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நான் போராடியதெல்லாம் கூட்டல் பக்கத்துக்காக. எண்ணூற்று ஐம்பதாக இருக்கலாம் என்று மூன்று பேர் முன்னால் கத்தினேன். கீழேயும் ஒரு பக்கம் இருக்கிறது என்று என் வாயே சொல்லியும் என் காதில் ஏறவில்லை. அறநூற்று முப்பது என்று நானேதான் சொன்னேன். அந்த நர்சிங் ஹோமின் கோட்டுக்குக் கீழே, இந்த ஆஸ்பத்திரியின் கோட்டுக்கும் கீழே, முதலில் வந்த எழுநூற்று நாற்பதுக்கும் கீழே வந்து விழுந்திருக்கிறாள்.

தியேட்டரில் அவள் அழுதாளாம். பூனைக்குட்டி மாதிரி இருந்தது என்று மயக்க டாக்டர் சொன்னார். அழுத பிறகுதான் தராசில் வைத்தார்கள். டாக்டர் இம்தியாஸ் தராசைப் பார்த்தாராம், குழந்தையைப் பார்த்தாராம், "சரி, ட்யூப் குடுங்க" என்றாராம். இதை எனக்குச் சொன்னவள் அங்கே நின்ற நர்ஸ்.

இன்று சக்கர நாற்காலியில் போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இவர் கைக்கு ஒன்றரைச் சாண் நீளம்தான் இருக்கிறாள். தோலுக்குள் ரத்தம் ஓடுவது தெரிகிறது. வாய் வழியாக மூச்சுக்கு ஒரு குழாய். டாக்டர் இம்தியாஸ் வந்தார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

"அறநூத்தித் தொண்ணூறுன்னு மொதல்லயே சரியாத் தெரிஞ்சிருந்தா முயற்சி எடுத்திருப்பீங்களா டாக்டர்?"

அவர் பொய் சொல்லவில்லை. "எடுத்திருக்க மாட்டோம்னுதாம்மா நினைக்கிறேன்."

அவ்வளவுதான். மூன்று ஸ்கேனும் தப்பாகச் சொன்னதால்தான் என் மகள் உயிரோடு இருக்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால் என்ன பேச்சு என்பார்கள். நான் தோற்றுவிட்டேன் என்று நங்கையா நினைக்கலாம். நான் தோற்கவில்லை. எடைதான் தோற்றது.

ஜூன் 24, சனி

640. முதல் வாரம் எல்லாக் குழந்தைக்கும் எடை இறங்கும் என்கிறார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும் கழிவறையில் நின்று அழுதேன்.

பால் கறந்து கொடுத்தேன். ஒரு வேளைக்கு ஒரு மில்லி. மருந்து ஊற்றுகிற மூடியில் அடிகூட நனையாது.

ஜூலை 2, ஞாயிறு

நங்கையா வந்தார். கண்ணாடி வழியாகக் கால் மணி நேரம் பார்த்தார். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அரைப்படி அரிசின்னு சொன்ன வாய ஊசி நூல் வெச்சுத் தெச்சுக்கோணும் கண்ணு" என்றார்.

"தெச்சுறாதீங்க நங்கையா, அப்பறம் சோறு எப்புடிங்க சாப்புடுவீங்க?" என்றேன். இரண்டு பேரும் அந்த வராந்தாவில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தோம். காவலாளி வந்து அதட்டிவிட்டுப் போனார். முருங்கைக்கீரை சூப்புக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டேன்.

710.

ஜூலை 11, செவ்வாய்

மூச்சுக்கு வைத்த குழாயை எடுத்துவிட்டார்கள். மூக்கில் சின்னக் குழாய் மட்டும். 850.

எட்டு மணிக்கு நர்ஸ் வந்து எண்ணைச் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். பால் கறக்கிற அறையில் நாங்கள் ஒன்பது அம்மாக்கள். எனக்குத் தட்டத் தோன்றவில்லை. இந்த எண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் இன்னொரு எண் எனக்குத் தெரியும்.

எழுதிவிடுகிறேன். எழுதாமல் எத்தனை நாள் ஓட்டுவது?

குண்டடம் சாரதாமணி. இரண்டு வருஷத்துக்கு முன்னால். அவளுக்கும் பி.பி., அவளுக்கும் இருபத்தெட்டு வாரம். உத்தேச எடை 760. அடியில் இருந்த வரியை அழித்தேன். நர்சிங் ஹோமில் அவள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். எழுநூற்று அறுபது கோட்டுக்குக் கீழே அல்லவா? வலி வர வைத்து எடுத்தார்கள். பையன். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் மூச்சு விட்டானாம். அப்புறம் தராசில் வைத்தார்கள். 860.

அந்த மனுஷர் பிரசவச் சீட்டைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். சண்டை போடவில்லை. "ஏனுங்க, நீங்க எழுநூத்தி அறுபதுன்னு போட்டீங்க. தராசு எண்ணூத்தி அறுபதுங்குதுங்க" என்றார்.

நான் சொன்னேன்: "மெஷின் சொன்னதத்தானுங்க நாங்க போட்டோம்."

மெஷின் அதை மட்டும் சொல்லவில்லை.

என் மகளைவிட நூற்று எழுபது கிராம் அதிகம் அவன்.

ஜூலை 12, புதன்

இவரிடம் சொன்னேன், குண்டடம் போகவேண்டும் என்று. "போய் என்ன பண்ணப்போற? ஆறிப்போன புண்ணைக் கிளறறதா?" என்றார்.

"ஆறிருச்சான்னு உங்களுக்கெப்புடித் தெரியும்?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பண்ணைக்குக் கிளம்பிவிட்டார். போனால் போகட்டும்.

ஜூலை 20, வியாழன்

காலையில் 1,010. ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள். பால் கறந்து நர்ஸிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன் என்று எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினேன். இவர் வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டு வாசலில் நின்றார். ஏறிக்கொண்டேன்.

சாரதாமணி வீடு பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், தகரக் கூரை. தையல் மெஷினில் உட்கார்ந்து பனியன் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சிறியவள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஸ்கேன் சென்டர் அக்காதானுங்க?"

உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். இவர் வண்டியருகிலேயே நின்றுவிட்டார். நல்லவேளை.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் நேராகவே சொல்லிவிட்டேன். ரிப்போர்ட்டில் கூடக்குறைய இத்தனை என்று ஒரு வரி இருந்தது, அதை நான் அழித்தேன், உன் வீட்டுக்காரர் வந்து கேட்டபோதும் மறைத்தேன். என் மகளைப் பற்றியும் சொன்னேன். அறநூற்றுத் தொண்ணூறு, இன்றைக்கு ஆயிரத்துப் பத்து. அதைச் சொல்லாமல் விட்டால் இன்னொரு வரியை அழித்த மாதிரி ஆகிவிடும் என்று பட்டது.

அவள் மெஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை. துணியின் அந்த ஓரம் முடியும்வரை அடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அந்த வரி இருந்திருந்தா எங்க வூட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாருங்களா?"

"தெரியாது சாரதா."

"பையன் பொழச்சிருப்பானுங்களா?"

"அதுவும் தெரியாது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. குரலும் ஏறவில்லை.

"இந்தத் தெரியாதுங்கறத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே அக்கா."

 அவள் அடுத்த துணியை எடுத்து மெஷினில் வைத்தாள். நான் அந்தத் துணியின் ஓரமும் அடித்து முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, ஐந்து மணிப் பாலுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்தேன்.